அப்பச்சிக்கு 51இல் மாரடைப்பு, எனக்கும் வருமா?

கேள்வி: காரைக்குடியில் இருக்கிறேன். வயது 36. அப்பச்சி (அப்பா) 51 வயதில் மாரடைப்பில் இறந்துவிட்டார்கள். ஐயா (அப்பாவின் அப்பா) 86 வரை திடமாக இருந்தார்கள். ஆனால் அப்பச்சி சுவீகாரம் வந்தவர்கள். எனக்கும் தங்கைக்கும் ஆபத்து உண்டா? முழு உடல் பரிசோதனைக்கு மதுரைக்கு அழைத்துப் போவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். போகலாமா?

பதில்: ஆபத்து உண்டு. ஆனால் உங்களுக்கும் 51இல் வந்தே தீரும் என்றில்லை.

அப்பா, அண்ணன் தம்பிக்கு 55 வயதுக்குள்ளும், அம்மா, அக்கா தங்கைக்கு 65க்குள்ளும் வந்த இதய நோயைத்தான் நாங்கள் பெரிதாகக் கணக்கில் எடுப்போம். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்திருந்தது; மற்றவர்களுக்கு 59ஐ ஒட்டி. அதனால் 36இல் பார்ப்பது சீக்கிரமே இல்லை.

ஐயாவின் 86 வயதை நம்பி இருக்காதீர்கள். செட்டிநாட்டில் இது அடிக்கடி தவறிப்போகிறது. பிள்ளை கூட்டிய (சுவீகாரம் எடுத்த) வீட்டிலிருந்து கோவிலும் சொத்தும் வரும், சாப்பாட்டுப் பழக்கமும் வரும், ரத்தம் வராது. அப்பச்சி பிறந்த வீட்டில் வயதான ஆச்சி யாராவது இருந்தால் நேரில் போய்க் கேளுங்கள். அப்பச்சியைப் பெற்றவர்கள் எந்த வயதில், எப்படி இறந்தார்கள்? கூடப்பிறந்தவர்களில் யாருக்கு ஸ்டென்ட், பைபாஸ்? ‘தூக்கத்திலேயே போய்விட்டார்’ என்று சொன்னால் அதையும் வயதோடு எழுதிக்கொள்ளுங்கள். அப்பத்தாவின் பிறந்த வீட்டுக் கதையும் உங்கள் கணக்கில் சேராது.

அழைத்துப் போகிறவரோடு போகாதீர்கள். ஆள் பிடித்துக் கொடுப்பவர்களில் பலருக்குக் கமிஷன் உண்டு. பட்டியலில் எண்பது பரிசோதனை இருக்கும், உங்களுக்கு வேண்டியது இருக்காது. இசிஜி, டிரெட்மில் இரண்டும் நார்மல் என்றால் நிம்மதியாகத் திரும்புவீர்கள். ரத்தக்குழாயைப் பெரிதாக அடைக்காத கொழுப்புப் படிவு டிரெட்மில்லில் தெரியாமல் போகும். அதுவே வெடித்து மாரடைப்பைக் கொண்டுவரும். என்னிடம் கட்டுக்கட்டாக ஃபைல் கொண்டுவருகிறார்கள். அப்பா எந்த வயதில் இறந்தார் என்ற ஒரு வரி ஒன்றிலும் இருப்பதில்லை. கேட்க ஒரு நிமிடம் போதும், கேட்பதில்லை. எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

சரி, என்ன பார்க்க வேண்டும்? பிபி, மூன்று மாத சராசரி சர்க்கரை (HbA1c), கொலஸ்ட்ரால். அப்புறம் ‘லிப்போபுரோட்டீன் லிட்டில் ஏ’ என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டிய ஒரு ரத்தப் பரிசோதனை. அது கொலஸ்ட்ராலைச் சுமக்கும் ஒரு துகளின் அளவு; பரம்பரையாக வருவது, பத்தியத்தால் குறையாது. பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஆபத்து கூடுதல். வயிற்றுச் சுற்றளவை டேப்பால் அளந்து சொல்லுங்கள், பேண்ட் சைஸைச் சொல்லாதீர்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டக் கூடாது. சிகரெட் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். முடிவுகளையும் ஆச்சி சொன்னதையும் ஒரே தாளில் எழுதி, ஊரிலேயே உள்ள பொது மருத்துவரிடம் காட்டுங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரை வேண்டும் என்றால் பயப்படாமல் ஆரம்பியுங்கள்.

தங்கைக்கும் இதே பரிசோதனைகள்தான். கல்யாணமாகி வேறு புள்ளி (தனிக் குடும்பம்) ஆகிவிட்டார் என்று விட்டுவிடாதீர்கள். அவருக்கும் அதே அப்பச்சிதான்.