புயல் ஓய்ந்த மறுநாள் கரையோரம் தூண்டில் போட்டால் மீன் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் நீங்கள் நினைத்துப் போகிற கொடுவா மீன் கிடைக்காது. "நாலு மணி நேரம் உட்கார்ந்தும் ஒன்றும் சிக்கவில்லை, வீட்டில் திட்டு" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் திட்டை நானும் வாங்கியவன், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மீனவன் இல்லை. வடசென்னையில் திருவொற்றியூரில் லேத் பட்டறை வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் தூண்டில். காசிமேட்டில் தினமும் கடலுக்குப் போகிறவர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்கிறேன். சும்மா கிண்டல் செய்ய வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல மாட்டேன்.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்தது. 11ஆம் தேதி ஞாயிறு விடிகாலை, நானும் மாமாவும் எர்ணாவூர் பக்கத்துத் தூண்டில் வளைவுக்கு, அதாவது கரை அரிக்காமல் இருக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய தடுப்புக்குப் போனோம். மாமா கட்டுமரம், அப்புறம் ஃபைபர் படகு என்று முப்பது வருஷம் கடலில் இருந்தவர். காற்று நின்றிருந்தது, அலை நிற்கவில்லை. புயல் போனாலும் ஓரிரு நாள் கடல் அடங்காது. காற்றை மட்டும் பார்த்துவிட்டுக் கல்லில் இறங்காதீர்கள், பாசி வழுக்கும்.

தண்ணீர் டீ மாதிரி கலங்கிக் கிடந்தது. ஒன்பது மணி வரை தூண்டிலில் ஏறியது பிளாஸ்டிக் கவரும் கிழிந்த வலைத்துண்டும்தான். கல்லிடுக்கில் மாட்டி இரண்டு தூண்டில் முள் போனது. பத்தரைக்கு ஒரு கீச்சான் வந்தது, விரல் நீளம், திருப்பி விட்டுவிட்டோம். நான் கிளம்பலாம் என்றேன்.

"இன்னாடா அவசரம்? கலக்கத் தண்ணியில கொடுவாக்கு எரை தெரியாது. கெளுத்தி மீசையால தேடி வரும், கம்முனு இரு" என்றார்.

புது இறாலை எடுத்துவிட்டு முந்தைய நாள் இறாலைக் கோர்த்தார், வாடை வீச வேண்டும் என்று. தூண்டிலில் கட்டும் ஈய எடையைக் கூட்டினார். வாடைக் காற்று வீசும் காலத்தில் அலை வடகிழக்கிலிருந்து வரும், அதனால் வளைவின் தெற்குப் பக்கம் மாறி உட்கார்ந்தோம்.

அந்த நேரம் பைக்கில் வந்த ஒருவர் நின்று, "இந்தக் கல்லுல என்ன இருக்கு, மெரினா போனா மணல்லயாவது உட்காரலாம்" என்றார். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை. 19ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகச் சுவர் எழும்பிய பிறகுதான் மெரினா அவ்வளவு அகலமானது. தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து வரும் மணல் அங்கேயே தங்கிவிட, துறைமுகத்துக்கு வடக்கே எங்கள் பக்கம் கரை அரித்துப் போனது. வீடுகளைக் கடல் கொண்டுபோன பிறகு கல்லைக் கொட்டினார்கள். அந்த மணல் எங்களுக்கு வந்திருக்க வேண்டியது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, பன்னிரண்டு மணிக்குள் கெளுத்தி இரண்டு. முதுகிலும் பக்கத்திலும் விஷமுள் உண்டு, வெறும் கையால் பிடிக்க வேண்டாம். மாமா குறடால் மூன்று முள்ளையும் ஒடித்த பிறகுதான் என்னிடம் தந்தார். கெளுத்தியைச் சாப்பிடுவார்களா என்று கேட்பீர்கள். அம்மா புளி தூக்கலாகக் குழம்பு வைத்தார், மறுநாள் காலை இட்லிக்கு மிச்சம் வைக்க முடியவில்லை.

உங்களுக்குக் கொடுவாதான் வேண்டும் என்றால் மறுநாள் போகாதீர்கள். டீ நிறம் போய்த் தண்ணீர் பச்சைக்குத் திரும்பட்டும்.