ஷட்டர் கனக்கிறதா? ஸ்பிரே டப்பாவைக் கீழே வையுங்கள்

கேள்வி இது: பெங்களூரு கல்யாண் நகரில் சொந்த வீடு, கார் நிறுத்துமிடத்துக்கு ரோலிங் ஷட்டர். வரவரத் தூக்க முடியாமல் கனக்கிறது, கர்கர் என்று சத்தம் வேறு. வீடியோ பார்த்து ஸ்பிரே அடித்தும் பலனில்லை. நானே என்ன செய்யலாம்?

கனம் வேறு, சத்தம் வேறு. எண்ணெய் போட்டால் சத்தம் குறையலாம். கனம் குறையாது.

நீங்கள் பார்த்த வீடியோ அநேகமாக அமெரிக்க வீட்டுடையதாக இருக்கும். அங்கே கராஜ் கதவு என்பது நாலைந்து அகலமான பலகைகள். சக்கரம் வைத்துத் தண்டவாளத்தில் ஏறி, கூரைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்தச் சக்கரத்துக்கும் கீலுக்கும் எண்ணெய் விடச் சொல்வது சரிதான். நம்முடையதில் இரண்டுமே கிடையாது. தகட்டுப் பட்டிகளை ஒன்றோடொன்று கோத்து, மேலே ஒரு பைப்பில் சுருட்டுகிறோம், அவ்வளவுதான்.

அந்தப் பைப்பில்தான் ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. சாவி கொடுத்த பொம்மை மாதிரி, ஷட்டரைக் கீழே இழுக்கும்போது அவை முறுக்கேறும். தூக்கும்போது அந்த முறுக்கு எடையில் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்ளும். அதனால் முதலில் இதைச் சோதித்துப் பாருங்கள். ஷட்டரை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, காலைத் தள்ளி வைத்துக்கொண்டு, பிடியை மெதுவாகத் தளர்த்துங்கள். அங்கேயே நின்றாலோ, கொஞ்சம் மட்டும் இறங்கினாலோ ஸ்பிரிங் நலம். மடமடவென்று இறங்கினால் முறுக்குத் தளர்ந்திருக்கிறது, அல்லது ஒரு ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. தானாக மேலே ஓடினால் யாரோ அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்ததா, நேற்றுவரை லேசாக இருந்து இன்று திடீரென்று கனத்ததா என்பதையும் யோசியுங்கள். திடீரென்றால் உடைவுதான் என்று நான் சந்தேகப்படுவேன்.

ஸ்பிரிங்கில் நீங்கள் கை வைக்க வேண்டாம். ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தாலும் அதில் கொஞ்சம் முறுக்கு மிச்சம் இருக்கும். தெரியாமல் போல்ட்டைக் கழற்றினால் பைப் சுழன்று கை எலும்பை உடைத்துவிடும். மெக்கானிக்கைத் தேடி அலையவும் தேவையில்லை, மூடிய கடை ஷட்டர்களிலேயே ஸ்டென்சில் வைத்து நம்பர் அடித்திருப்பார்கள். வந்தவர் "இன்னும் ரெண்டு சுத்து முறுக்கிவிட்டாப் போதும்" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். பைப்பில் எத்தனை ஸ்பிரிங் இருக்கிறது, எல்லாம் முழுசாக இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். ஒன்று உடைந்திருக்கும்போது மற்றதை முறுக்கினால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

அளவையும் பாருங்கள். எட்டுக்கு எட்டடி ஷட்டரைக் கையாலேயே ஏற்றி இறக்கலாம். இரண்டு கார் நிற்கட்டும் என்று பன்னிரண்டுக்கு ஒன்பது போட்டிருந்தால் 108 சதுர அடி, அதாவது 10 சதுர மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில், 10 சதுர மீட்டரைத் தாண்டும் ஷட்டருக்குச் சங்கிலி, கிராங்க் (கையால் சுற்றும் பிடி) அமைப்பு தனி ஐட்டமாகவே இருக்கிறது. அந்த அளவில் ஸ்பிரிங்கைத் திட்டிப் பயனில்லை, அப்படிச் சுற்றி ஏற்றும் கியர் வையுங்கள்.

சத்தத்துக்கு வருவோம். பெரும்பாலும் அது இரண்டு பக்கச் சேனலில், அதாவது பட்டிகளின் ஓரம் ஏறி இறங்கும் காடியில், சேர்ந்த மண்தான். நம் ரோட்டுப் புழுதியைச் சொல்லவே வேண்டாம், எப்போதும் எங்கேயாவது தோண்டிக்கொண்டே இருப்பார்கள். இதில் போய் கிரீஸையோ கார் சர்வீஸில் வடித்த பழைய ஆயிலையோ தடவும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, எங்கள் லிங்கராஜபுரம் தெருவிலும்தான். புழுதி அதில் ஒட்டிப் பசையாகி, உப்புத்தாள் மாதிரி பட்டியைத் தேய்க்கும். சேனலை முதலில் காய்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள், பழைய பிசுக்கை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள், காய்ந்தபின் சிலிக்கான் ஸ்பிரே லேசாக அடியுங்கள். டபிள்யூடி-40 துருப்பிடித்த பூட்டை இளக்க நல்லது. ஆனால் சேனலில் அது நாள்பட நிற்காது. கிரீஸ் போக வேண்டியது பைப்பின் முனையில் பேரிங் இருந்தால் அதற்கு மட்டும்.

சுத்தம் செய்தும் உரசினால் பட்டிகளின் ஓரத்தைப் பாருங்கள். பட்டி பக்கவாட்டில் நழுவாமல் இருக்க முனையில் சின்ன கிளிப் வைத்து ரிவெட் அடித்திருப்பார்கள். அது விழுந்தால் பட்டி ஒரு பக்கமாக ஓடி சேனலில் முட்டும். பலர் கண்ணில் படாத இடம் இது. சின்ன வேலைதான், ஆனால் விட்டுவிட்டால் ஒருநாள் பாதியில் சிக்கி மேலேயும் போகாது, கீழேயும் வராது.

துரு எப்போதும் அடியிலிருந்துதான் ஏறும். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும் வீடுகளில் அடிப்பட்டையும் கடைசி இரண்டு மூன்று பட்டிகளும் தினமும் நனைகின்றன. கோலத்தை நிறுத்தச் சொல்லமாட்டேன், எங்கள் வீட்டில் சொல்லவும் முடியாது. சேனலின் அடியில் தண்ணீர் தேங்காமல் வழி விடுங்கள். துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு, மேலே எனாமல். பெயிண்ட் மெல்லிசாக இருக்கட்டும். பட்டிகள் கோக்கும் மடிப்பில் தடித்தால் சுருளும்போது இறுகும். சேனலின் உட்பக்கத்துக்குப் பெயிண்டே வேண்டாம்.

பைப்பை மூடியிருக்கும் மேல் கவரைத் திறக்கும்முன் தட்டிப் பாருங்கள். குளவிக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

மோட்டார் வைக்கும் எண்ணம் இருந்தால் ஸ்பிரிங்கைச் சரிசெய்த பிறகு வையுங்கள். மோட்டார் இழுத்துக்கொண்டு போவதால் ஸ்பிரிங் தளர்ந்தது தெரியவே தெரியாது. அமெரிக்காவில் 1993 முதல் தயாரான வீட்டுக் கராஜ் மோட்டார்கள், இறங்கும்போது எதிலாவது இடித்தால் தானே மேலே திரும்ப வேண்டும் என்பது விதி. இங்கே வாங்கும்போது அப்படித் திருப்பும் சென்சார் இருக்கிறதா என்று கேட்டே வாங்குங்கள், குழந்தைகள் இருக்கும் வீடென்றால் கட்டாயம். தொடர்ந்து ஏற்றி இறக்கினால் மோட்டார் சூடாகித் தானே நின்றுவிடும். அது ரிப்பேர் இல்லை, ஆறவிட்டால் ஓடும். கரண்ட் போனால் கையால் தூக்கும் சங்கிலியோ கைப்பிடியோ எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டி வையுங்கள். ஸ்பிரிங் மேல் சந்தேகம் இருந்தால், ஷட்டர் முழுக்க மூடியிருக்கும்போது மட்டும், அதைப் பிடித்து நிறுத்தும் மோட்டாரின் பிரேக்கை விடுவியுங்கள். பாதியில் விடுவித்தால் மொத்தமும் இறங்கிவிடும்.