தைரியம் எப்போது வரும், நண்பர்கள் எப்படிக் கிடைப்பார்கள்? கேள்வி பதில்

8-ஆம் வகுப்பு மாணவி: அக்கா, விடை தெரிந்தாலும் வகுப்பில் கை தூக்க வருவதில்லை. தைரியம் வந்ததும் பேசலாம் என்று இருக்கிறேன். எப்போது வரும்?

பதில்: காத்திருந்தால் வராதும்மா. பேசப் பேசத்தான் வரும். உன்னைப் பயமுறுத்தும் ஆறேழு செயல்களை ஒரு தாளில் எழுது. ஒவ்வொன்றின் பயத்துக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடு. ஆசிரியரிடம் தனியாகச் சந்தேகம் கேட்பது 2, பக்கத்தில் இருப்பவளிடம் விடையைச் சொல்வது 3, பாடத்தை உரக்க வாசிப்பது 5, கை தூக்கி ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வது 6, முன்னால் நின்று 2 நிமிடம் பேசுவது 9 என்று வரலாம். 3-இல் தொடங்கி, அதையே வாரத்துக்கு நான்கைந்து முறை செய். பயம் பாதியாகக் குறைந்ததும் அடுத்த படிக்குப் போ.

சறுக்கும் இடங்களையும் தெரிந்துகொள். பயம் உச்சத்தில் இருக்கும்போது பாதியில் ஓடி வந்துவிட்டால், 'தப்பித்ததால்தான் பிழைத்தோம்' என்று மனம் பதிந்துகொள்ளும். அடுத்த முறை பயம் கூடும். மாதம் ஒருமுறை செய்தால் பழகாது. தலையைக் குனிந்துகொண்டு, மனப்பாடம் செய்த வரியை வேகமாக ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தாலும் பலன் குறைவுதான். அந்த உத்திதான் காப்பாற்றியது என்று தோன்றிவிடும். அதனால், செய்வதற்கு முன்பு 'என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன்' என ஒரு வரி எழுது. முடிந்ததும் உண்மையில் என்ன நடந்தது என்று அதன் கீழே எழுது. பத்து வரி சேர்ந்ததும் படித்துப் பார், பயம் சொன்னதில் எத்தனை பலித்தது என்று தெரியும்.

அதே மாணவி: அந்த நேரத்தில் நெஞ்சு படபடக்கிறதே, அதை எப்படி நிறுத்துவது?

பதில்: நிறுத்தப் போராடாதே. 'அமைதியாக இரு' என்று சொல்லிக்கொள்வதைவிட 'ஆர்வமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள் மேடைப் பேச்சில் நன்றாகச் செய்ததை ஆய்வாளர் ஆலிசன் உட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கூடவே, 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை விடு.

10-ஆம் வகுப்பு மாணவர்: மேடையில் உளறிவிட்டேன். எல்லாரும் இன்னும் அதையே நினைப்பார்கள் போலிருக்கிறது.

பதில்: இல்லை தம்பி. உளவியலாளர் தாமஸ் கிலோவிச் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைச் சங்கடம் தரும் படம் போட்ட டி-ஷர்ட்டுடன் ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அந்த மாணவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிதான். உன் வயதில் இந்த மிகைக்கணக்கு இன்னும் கூடுதலாகவே இருக்கும்.

11-ஆம் வகுப்பு மாணவி: புதிய பள்ளியில் சேர்ந்து 2 மாதம் ஆகிறது. ஒரு தோழிகூட இல்லை. என்னிடம்தான் ஏதோ குறையா?

பதில்: குறை எதுவும் இல்லை, நேரம்தான் இன்னும் சேரவில்லை. அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நல்ல நண்பராக 90 மணி நேரமும், நெருங்கியவராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து இருக்க வேண்டியிருக்கிறது என்று கேன்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் கணக்கிட்டார். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் நேரத்தைவிட, விளையாட்டிலும் வெட்டிப்பேச்சிலும் போகும் நேரத்துக்குத்தான் பலம் அதிகம். வாரம் 2 மணி நேரம் என்றால் முதல் 50-க்கே அரை வருடம் ஆகும்.

ஆகவே வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே ஆட்கள் கூடும் இடமாகப் பார். பத்துப் பேருக்குள் இருந்தால் நல்லது. பாட்டு, பந்து, ஓவியம் என்று கைக்கோ வாய்க்கோ வேலை இருந்தால் மௌனம் உறுத்தாது. பத்து நிமிடம் முன்னால் போ. முடிந்ததும் உடனே கிளம்பாதே. பேச்சு அந்த ஓரங்களில்தான் தொடங்கும். ஒரு கேள்வி கேட்டால், வந்த பதிலிலிருந்தே அடுத்த கேள்வியைக் கேள். ஏற்கெனவே இறுகிப்போன பெரிய கூட்டத்துக்குள் நுழைய முயலாமல், தனியாகவோ இருவராகவோ இருப்பவர்களிடம் போ. நாலைந்து வாரம் கழித்து அந்த இடத்துக்கு வெளியே ஒருமுறை சேர்ந்து போகக் கூப்பிடு. இரண்டே வாரத்தில் 'இது சரிவராது' என்று இடத்தை மாற்றுவதுதான் அதிகம் கெடுக்கிறது. மணிக்கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

12-ஆம் வகுப்பு மாணவர்: எங்கள் கும்பல் ஒருவனை விடாமல் கேலி செய்கிறது. எதிர்த்தால் என்னையும் ஒதுக்கிவிடுவார்கள்.

பதில்: தனியாக எதிர்க்காதே, முதலில் ஒரே ஒரு துணையைத் தேடு. 1950-களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய, கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் சோதனைகளில், கூட்டம் ஒருமித்துத் தவறான விடை சொன்னபோது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பதில்கள் அதன் பக்கம் சாய்ந்தன. சரியான விடை சொல்லும் ஒரே ஆள் கூட இருந்ததும் அந்தச் சாய்வு வெகுவாகக் குறைந்தது. உன் கும்பலிலும் கேலி நடக்கும்போது சிரிக்காமல் இருக்கும் ஒருவன் இருப்பான். அவனிடம் தனியாகப் பேசு. பிறகு உரை ஆற்ற வேண்டாம். "போதும், விடுங்கடா" என்று சொல்லிப் பேச்சை மாற்றுங்கள். கேலிக்கு ஆளானவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். அடி, மிரட்டல், படம் பரப்புதல் என்று போனால் அன்றே ஆசிரியரிடம் சொல். அது கோள்மூட்டுவது ஆகாது.

ஒருமுறை 'எனக்கு வேண்டாம்' என்று சொன்னதற்காக மறுநாள் உன்னைக் கூப்பிடாமல் விடுகிற கும்பல் என்றால், அதில் உனக்கு இடம் இருந்ததே இல்லை. இதைக் கேட்க வலிக்கும், தெரியும்.

ஒரு தாய்: மேடம், என் 6 வயது மகன் வீட்டில் வாய் ஓயாமல் பேசுவான், வெளியாட்கள் கேட்டால் ஒரு வார்த்தை வராது. நானே பதில் சொல்லிவிடுகிறேன்.

பதில்: அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். யாராவது கேட்டால் மனதுக்குள் 5 எண்ணுங்கள். பேசவில்லை என்றால், "சிவப்பா, நீலமா?" என்பதுபோல இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி நீங்கள் கேட்டு, மறுபடி 5 எண்ணுங்கள். 'ஆமா, இல்லை' கேள்வி வேண்டாம், தலையாட்டித் தப்பிப்பான். பேசினால் பெரிதாகக் கைதட்டாமல், "நீலமா, சரி" என்று இயல்பாகத் தொடருங்கள். 'இவனுக்குக் கூச்சம்' என்று அவன் காதுபட யாரிடமும் சொல்லாதீர்கள். பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் விட்டுவிட்டு, அதன் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் பள்ளியில் பேச்சே இல்லை என்றால் குழந்தைகள் மனநல நிபுணரிடம் காட்டுங்கள். அது பிடிவாதம் அல்ல, பதற்றம். சீக்கிரம் காட்டினால் சரிசெய்வது எளிது.