சோரியாசிஸுக்கு குர்குமின் மாத்திரை பலன் தருமா?

கேள்வி: சில ஆண்டுகளாக எனக்கு சோரியாசிஸ், அதாவது தோலில் செதில் திட்டுகள் வரும் நோய். அதற்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து எடுக்கிறேன். மஞ்சளில் உள்ள குர்குமினே இதைக் குணப்படுத்திவிடும் என்கிறார்கள். அதை மாத்திரையாக எடுத்துக்கொண்டு இந்த மருந்தை விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். குர்குமினுக்கு இருக்கும் ஆதாரம் அந்த அளவுக்கு வலுவானது இல்லை.

சோரியாசிஸில் அழற்சியைத் தூண்டிவிடும் டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூகின் 17 போன்ற புரதங்களை ஆய்வகத்தில் குர்குமின் குறைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் விழுங்கிய குர்குமினைக் குடல் மிகக் கொஞ்சமாகவே உறிஞ்சும். உறிஞ்சியதையும் கல்லீரல் சீக்கிரமே மாற்றி வெளியேற்றிவிடும். ஆய்வகத் தட்டில் சேர்க்கிற செறிவு ரத்தத்தில் வருவதே இல்லை.

மனிதர்களிடம் என்ன நடந்தது? அமெரிக்காவில் 2008-இல் வெளியான ஆய்வில் 12 பேருக்கு தினமும் 4.5 கிராம் வீதம் 12 வாரம் கொடுத்தார்கள். நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் 2 பேர்தான். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. நோய் தானாகத் தணிந்ததாகக்கூட இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். அப்படியானால் 4.5 கிராமுக்கு ஒரு நாளைக்கு 150 கிராம் தூள் வேண்டும், சாப்பாட்டில் சேர்த்து எட்டுகிற அளவா அது?

2015-இல் வந்த இத்தாலிய ஆய்வு கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. லேசான, நடுத்தர பாதிப்பு உள்ளவர்களில் ஸ்டீராய்டு களிம்போடு, நன்றாக உறிஞ்சப்படும் வகைக் குர்குமினையும் எடுத்தவர்களுக்குக் களிம்பு மட்டும் பூசியவர்களைவிட நோய் அதிகம் குறைந்தது. துணையாக உதவக்கூடும் என்பதுதான் இதன் பொருள். மருந்துக்கு மாற்று என்பதல்ல.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை கல்லீரலைப் பற்றித்தான். மெத்தோட்ரெக்ஸேட் அதைப் பாதிக்கக்கூடிய மருந்து. மஞ்சள் மாத்திரை, குறிப்பாக மிளகிலிருந்து எடுக்கும் பைப்பரின் சேர்த்தது, சிலருக்குக் கல்லீரல் அழற்சியை உண்டாக்கியிருக்கிறது. இரண்டும் சேர்ந்த பிறகு ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் என்சைம் ஏறினால், எது காரணம் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். வார்ஃபரின் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்களும் இதைத் தாங்களாகத் தொடங்கக் கூடாது.

சமையலில் சேரும் மஞ்சளால் பயமில்லை. வெடித்த தோலில் மஞ்சளைத் தேய்க்க வேண்டாம். தேய்த்துப் புண்ணான இடத்தில் புதிய திட்டுகள் வரலாம். மாத்திரையை முயன்றுதான் பார்க்க வேண்டும் என்றால் அதன் டப்பாவைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சம்மதித்தால், தொடங்கும் முன்பும் சில வாரம் கழித்தும் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சிறுநீர் கருமையானாலோ கண் மஞ்சளானாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.