பொய் என்று சொல்லப்போகிறார்கள், தெரிந்தே எடுங்கள்

போர்க்களப் பதிவு, ஆவணப்படம் பற்றி டெல்டா மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, படப்பிடிப்பிலும் படத்தொகுப்பிலும் காட்சி சரிபார்ப்பிலும் இருப்பவர்கள் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

இலங்கை இறுதிப் போரில் எடுத்தது என்று ஒவ்வொரு மே மாதமும் வாட்ஸ்அப்பில் வீடியோக்கள் வருகின்றன. அவற்றை வைத்து ஒரு படம் செய்ய நினைக்கிறோம். எது உண்மை, எது வேறு நாட்டுக் காட்சி என்று எப்படிப் பிரிப்பது?
– கல்லூரி மாணவர்கள், மயிலாடுதுறை

கைக்கு வந்த வாட்ஸ்அப் பிரதியை வைத்து வேலையைத் தொடங்காதீர்கள். வரும் வழியிலேயே அது சுருங்கிவிடுகிறது. எடுத்த கருவி, நேரம், இடம் பற்றிக் கோப்புக்குள் இருந்த விவரங்களும் போய்விடுகின்றன. அனுப்பியவருக்கு யார் அனுப்பினார், அவருக்கு யார் என்று பின்னோக்கிப் போங்கள். மூலக்கோப்பு வைத்திருப்பவர் கிடைத்தால் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்; கோப்பு மாறாமல் வரும். பென் டிரைவில் நேரில் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது.

2008 செப்டம்பரில் ஐ.நா.வின் வெளிநாட்டு ஊழியர்கள் வன்னியை விட்டு வெளியேறினார்கள். வெளியிலிருந்து சுதந்திரமான செய்தியாளர்களையும் போர்முனைக்குள் விடவில்லை. ஆகவே இன்று இருக்கும் காட்சிகளில் பெரும்பகுதி, உள்ளே அகப்பட்ட மக்களும் உள்ளூர்ச் செய்தியாளர்களும் படையினரும் எடுத்தவை. யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற சங்கிலி அறுந்தால் காட்சியின் மதிப்பும் அங்கேயே குறைந்துவிடும்.

அடுத்து, வீடியோவிலிருந்து நாலைந்து தெளிவான பிரேம்களை எடுத்துப் படத்தேடலில் போடுங்கள். சிரியா, காசா காட்சிகள் வன்னியின் பெயரில் சுற்றினால் பெரும்பாலும் இங்கேயே பிடிபட்டுவிடும். பிடிபடாதவற்றுக்கு இடம் பார்க்க வேண்டும். அதற்குப் பயிற்சி எடுக்க நாகூரை விட நல்ல இடம் உங்கள் பக்கத்தில் இல்லை. தர்காவின் ஐந்து மனாராக்களில் எது எதை மறைக்கிறது, எதற்கும் எதற்கும் நடுவே எவ்வளவு வெளி தெரிகிறது என்பதை மட்டும் வைத்து, ஒரு புகைப்படம் எந்தத் தெருவிலிருந்து எடுக்கப்பட்டது என்று செயற்கைக்கோள் வரைபடத்தில் கோடு போட்டுக் கண்டுபிடியுங்கள். பிறகு நேரில் போய் நின்று சரிபாருங்கள். நாலு படம் இப்படிச் செய்தால் கை பழகிவிடும். வன்னிக் காட்சியில் மனாரா இருக்காது. தண்ணீர்த் தொட்டி, கோயில், தேவாலயம், களப்பின் (காயலின்) கரை வளைவு, பனை வரிசை ஆகியவற்றைக் கொண்டு இதே வேலையைச் செய்ய வேண்டும். இன்றைய வரைபடத்தோடு ஒப்பிடாதீர்கள். 2009ஆம் ஆண்டின் பழைய செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பாருங்கள்.

நேரத்துக்கு நிழல் இருக்கிறது. முள்ளிவாய்க்கால் வட அட்சரேகை சுமார் 9.3 பாகையில் உள்ளது. ஏப்ரல் நடுவில் உச்சிவேளைச் சூரியன் அங்கே நேர் தலைக்கு மேல் வரும். அதற்கு முன்பு உச்சிநிழல் வடக்கே விழும், பின்பு தெற்கே விழும். ஜனவரி 20 அன்று 170 செ.மீ. உயரமுள்ள ஆளின் உச்சிநிழல் ஏறத்தாழ 96 செ.மீ., வடக்கு நோக்கி. மே 15 அன்று அதே ஆளுக்கு 28 செ.மீ.தான், தெற்கு நோக்கி. மே நடுவில் உச்சிவேளையில் எடுத்தது என்று சொல்லும் வீடியோவில் ஆளின் நிழல் ஒரு மீட்டர் நீளத்துக்கு வடக்கே கிடந்தால், தேதியோ நேரமோ இடமோ ஏதோ ஒன்று தவறு. இதற்குத் திசை முதலில் உறுதியாக வேண்டும். அதனால்தான் இடத்தைக் கண்டுபிடிக்காமல் நிழலுக்குப் போகக்கூடாது. தஞ்சாவூரில் இதே திருப்பம் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நடக்கும். மொட்டை மாடியில் ஒரு கம்பை நட்டு நீங்களே பார்க்கலாம்.

பழைய காட்சிகளில் கடிகார நேரத்தை அப்படியே நம்பாதீர்கள். இலங்கை 1996 மே மாதம் கடிகாரத்தை நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னுக்கு வைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணியாகக் குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் மீண்டும் இந்திய நேரத்துக்கு வந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் 1996ஆம் ஆண்டின் மாற்றத்தை ஏற்கவில்லை. 2000ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றை, போர்முனையாக இருந்த முகமாலையின் இரு பக்கத்தாரும் வேறு வேறு நேரம் சொன்னால், ஒருவர் பொய் சொல்கிறார் என்று எழுதிவிடாதீர்கள்.

கோப்பில் இருக்கும் தேதியும் தனியாக எதையும் நிரூபிக்காது. கட்டப்பட்ட நிலையில் ஆட்களைச் சுடும் காட்சியொன்றைப் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி 2009 ஆகஸ்டில் ஒளிபரப்பியபோது, இலங்கை அரசு அது போலி என்றது. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் அதைத் துப்பாக்கி, தடய மருத்துவம், வீடியோ ஆகிய மூன்று துறை நிபுணர்களிடம் கொடுத்தார். காட்சி உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். ஆனால் கோப்பில் பதிந்திருந்த தேதியோ போர் முடிந்ததற்குப் பிந்தையது. கைபேசியின் கடிகாரம் தவறாக இருந்தாலும், கோப்பு வேறு வடிவத்துக்கு மாற்றப்பட்டாலும் தேதி மாறிவிடும். அதனால்தான் காயம், துப்பாக்கியின் பின்னுதைப்பு, ஒலி என்று காட்சிக்குள் இருப்பவற்றையே ஆராய வேண்டியிருந்தது.

உங்கள் எடிட்டருக்கு ஒரு கண்டிப்பான விதி சொல்லிவிடுங்கள். தூரத்தில் குண்டு வெடிக்கும் காட்சியில் ஒளி முதலில் தெரியும், சத்தம் பிறகு வரும். பார்க்க நன்றாக இல்லை என்று சத்தத்தை இழுத்து ஒளியோடு ஒட்டவைக்கும் பழக்கம் படத்தொகுப்பில் உண்டு. விநாடிக்கு 25 பிரேம் ஓடும் வீடியோவில் 50 பிரேம் இடைவெளி என்றால் இரண்டு விநாடி. வெப்பப் பகுதியில் அது சுமார் 700 மீட்டர். கேமராவுக்கும் குண்டு விழுந்த இடத்துக்கும் உள்ள தூரத்தைச் சொல்லும் ஒரே சாட்சி சில நேரம் அதுதான். எடிட்டில் அதைத் தொட்டால் போயே போய்விடும்.

திருச்சி அருகே மறுவாழ்வு முகாமில் இருக்கும் ஒரு வயதான அம்மாவின் வாக்குமூலத்தைப் பதிவு செய்ய வேண்டும். முகம் தெரியக்கூடாது என்கிறார். எப்படி எடுப்பது?
– முதுகலை மாணவி, திருவையாறு

முதலில் அனுமதி. முகாமுக்குள் கேமராவோடு போக அரசின் எழுத்துமூல அனுமதி வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தொடங்குங்கள். அனுமதி இல்லாமல் எடுத்தால் தொல்லை உங்களுக்கு மட்டும் வராது, அந்த அம்மாவுக்கும் வரும். வெளியே ஒரு வீட்டில் சந்திக்க அவரே விரும்பினால் அது எளிது.

பின்னால் ஜன்னல் வெளிச்சம் வைத்து முகத்தை இருட்டில் விடுவதுதான் வழக்கமாகச் செய்வது. இதில் பெரிய ஓட்டை இருக்கிறது. இன்றைய கேமராக்களில், இருட்டிலும் வெளிச்சத்திலும் உள்ள விவரங்களைக் கூடுதலாகச் சேமிக்கும் லாக் முறையில் எடுத்த கோப்பின் இருட்டுப் பகுதியை எடிட்டில் தூக்கினால் கண், மூக்கு, பொட்டு வரை தெளிவாக வந்து நிற்கும். மூலக்கோப்பு யார் கைக்காவது போனால் முகமும் போய்விட்டது. மொசைக் போடுவதிலும் இதே ஆபத்து: மூலத்தில் முகம் இருக்கும். ஆகவே முகம் கோப்பிலேயே இல்லாதபடி எடுங்கள். தோளுக்குப் பின்னாலிருந்து, அல்லது மடியில் இருக்கும் கைகளை மட்டும். கைகளை எடுத்தால் மோதிரம், வளையல், பச்சை குத்தியது, தழும்பு ஆகியவற்றைப் பாருங்கள். தெரிந்தவர்கள் அதிலேயே ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள். சுவரில் தொங்கும் காலண்டரில் கடைப் பெயர், மேசையில் மருந்துச் சீட்டு, ஜன்னல் வழியே தெரியும் கோபுரம், பள்ளி மணி, ஒலிபெருக்கி அறிவிப்பு எல்லாமே ஊரைச் சொல்லும்.

குரலைத் தடிமனாக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். சுருதியை இறக்கியது போலவே ஏற்றிவிடவும் முடியும். அவர் சொன்னதை வரி மாறாமல் வேறொருவரைப் பேசவைத்து, ‘குரல் மாற்றப்பட்டுள்ளது’ என்று திரையில் போடுவதே பாதுகாப்பு. பேசுபவர் ஈழத்தமிழை அறிந்தவராக இருக்கட்டும்.

சம்மதத்தை ஒரே கையெழுத்தில் முடிக்காதீர்கள். பதிவுக்கு, விழாவில் காட்டுவதற்கு, யூடியூபில் போடுவதற்கு என்று தனித்தனியாகக் கேளுங்கள். யூடியூபில் போட்டது முல்லைத்தீவில் இருக்கும் உறவினர் கைபேசிக்கும், அவரைக் கண்காணிப்பவர் கைபேசிக்கும் போகும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். வெளியிடும் நாள் வரை விலக்கிக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்பதையும் சொல்லுங்கள். பெயர்ப் பட்டியலைக் காட்சிக் கோப்புகளோடு ஒரே டிஸ்க்கில் வைக்காதீர்கள்.

கேள்விகளைக் குண்டு விழுந்த நிமிடத்தில் தொடங்காதீர்கள். அன்று காலை என்ன சமைத்தீர்கள், எந்த வழியாக நடந்தீர்கள், யாரெல்லாம் கூட வந்தார்கள் என்று நாளின் வரிசையில் போனால் நினைவு தானாக வரும். தேதி சரிபார்க்கவும் பிடி கிடைக்கும். ஒவ்வொன்றிலும் “நீங்களே பார்த்தீர்களா அம்மா, யாரும் சொன்னார்களா?” என்று மெதுவாகக் கேட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். அவர் அழுதால் கேமராவை நிறுத்துவதா என்பதை அவரே முடிவு செய்யட்டும்; முன்கூட்டியே அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒலிக்குக் காலர் மைக், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். மின்விசிறியை நிறுத்துங்கள்.

விடுதலைப் புலிகள் மீது இந்தியாவில் 1992 மே முதல் தடை இருக்கிறது. 2024இல் மேலும் ஐந்து ஆண்டு நீட்டிக்கப்பட்டது. வாக்குமூலத்தில் இயக்கம் பற்றிப் பேச்சு வருவது இயல்பு, அதைப் பதிவு செய்யலாம். கொடி, பாடல், படங்களைப் பின்னணி அலங்காரமாகச் சேர்ப்பது வேறு விஷயம். விளாரில் உள்ள முள்ளிவாய்க்கால் முற்றத்தில் எடுக்கும் காட்சிகளுக்கும் இது பொருந்தும். வெளியிடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

கடலில் இலங்கைப் படகு வந்து மோதினால் கைபேசியில் எடுக்கிறோம். “இது எந்த இடம் என்று எப்படி நம்புவது?” என்று கேட்கிறார்கள்.
– விசைப்படகுத் தொழிலாளி, அக்கரைப்பேட்டை

வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். முதல் பத்து விநாடி படகின் ஜி.பி.எஸ். திரையில் அட்ச, தீர்க்க ரேகையும் நேரமும் படிக்கும்படி நிற்கட்டும். அங்கிருந்து நிறுத்தாமல் கேமராவைத் திருப்பி எதிர்ப்படகின் எண்ணையும், அடிபட்ட இடத்தையும் காட்டுங்கள். முடிக்கும்போது மறுபடி ஜி.பி.எஸ். திரை. சிக்னல் இல்லாவிட்டாலும் கைபேசியின் ஜி.பி.எஸ். வேலை செய்யும், ஆகவே இடப்பதிவை முன்னதாகவே ஆன் செய்து வையுங்கள். கரைக்கு வந்ததும் அந்தக் கைபேசியில் வீடியோவை வெட்டவோ எழுத்துப் போடவோ வேண்டாம். இரண்டு பிரதி எடுத்துவிட்டு, பிரதியிலிருந்துதான் மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டும்.

‘பிரஸ்’ என்று எழுதிய உடுப்பு போட்டால் சுடமாட்டார்களா? புறப்படுமுன் என்னென்ன வாங்க வேண்டும்?
– இளம் ஒளிப்பதிவாளர், கும்பகோணம்

ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறையின் 79ஆவது பிரிவு செய்தியாளரைக் குடிமகனாகக் கருதிப் பாதுகாக்கச் சொல்கிறது. களத்தில் அதை மட்டும் நம்ப முடியாது. அமெரிக்கப் போர்ச் செய்தியாளர் மேரி கோல்வின் 2001 ஏப்ரலில் வன்னியிலிருந்து அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் கடக்கும்போது, பத்திரிகையாளர் என்று கத்திச் சொன்ன பிறகும் தாக்கப்பட்டு இடது கண் பார்வையை இழந்தார். 2012 பிப்ரவரி 22 அன்று சிரியாவின் ஹோம்ஸ் நகரில் கொல்லப்பட்டார். சிரிய அரசு திட்டமிட்டே குறிவைத்தது என்று 2019இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த எழுத்தைப் போடுவதா எடுப்பதா என்பது இடத்துக்கு இடம் மாறும். அங்கேயே வேலை செய்யும் உள்ளூர்ச் செய்தியாளரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

உடுப்பில் பலர் ஏமாறுவது இங்கே: தகடு இல்லாத மென்கவசம் கைத்துப்பாக்கிக் குண்டையும் சில சிதறல்களையும்தான் தாங்கும். ரைபிள் குண்டுக்கு முன்னும் பின்னும் கடினத் தகடு வேண்டும். தகடுகளோடு எடை பத்து கிலோ அளவுக்குப் போகும். அதை மாட்டிக்கொண்டு கேமராவோடு ஓடிப் பார்க்காமல் போகாதீர்கள். ராணுவப் பச்சை, காக்கி வேண்டாம்.

உடுப்பைவிட முக்கியம் ரத்தம் நிறுத்தும் பட்டி, அதாவது டூர்னிகே. 2011 ஏப்ரலில் லிபியாவின் மிஸ்ராட்டாவில் புகைப்படச் செய்தியாளர் டிம் ஹெதரிங்டன் இறந்தது ரத்தப்போக்கால். அதன் பிறகுதான் சுதந்திரச் செய்தியாளர்களுக்கு முதலுதவி கற்றுத்தரும் ரிஸ்க் என்ற அமைப்பு அமெரிக்காவில் உருவானது. பட்டியைக் காயத்துக்கு மேலே 5 முதல் 7 செ.மீ. தள்ளி, மூட்டின் மேல் வராமல் கட்டி, ரத்தம் நிற்கும்வரை குச்சியைத் திருகிப் பூட்டி, கட்டிய நேரத்தை எழுதுங்கள். வலிக்கிறது என்று தளர்த்தக்கூடாது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் போலிகளில் திருகும்போதே குச்சி உடைந்துவிடும். பயிற்சிக்கு ஒன்று, பயணத்துக்குப் பிரிக்காத இரண்டு என்று வாங்குங்கள். ஒரே கையால் உங்கள் கையிலேயே கட்டிப் பழகுங்கள்.

விமானத்தில் உதிரி பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும். ஒவ்வொன்றும் 100 வாட் ஹவர் வரை தடையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். வோல்ட்டை ஆம்பியர் ஹவரால் பெருக்கினால் வாட் ஹவர். 14.8 வோல்ட், 6.6 ஆம்பியர் ஹவர் பேட்டரி 98தான், தாராளமாகக் கொண்டுபோகலாம்.

எடுத்ததைப் பத்திரமாக வைப்பது எப்படி?
– வாசகர், பட்டுக்கோட்டை

விநாடிக்கு 100 மெகாபிட் அளவில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. ஆகும். அன்றன்று இரவே இரண்டு டிஸ்க்கில் பிரதி. இரண்டும் ஒரே பையில் பயணம் செய்யக்கூடாது. பிரதி எடுத்த உடனே ஒவ்வொரு கோப்புக்கும், அதன் கைரேகை போன்ற எஸ்.ஹெச்.ஏ-256 ஹாஷ் எண் எடுத்து, அந்தப் பட்டியலை மின்னஞ்சலில் நம்பகமான ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் எண் முழுதாக மாறிவிடும். அந்த மின்னஞ்சலின் தேதிக்குப் பிறகு யாரும் கோப்பைத் தொடவில்லை என்று காட்ட அது போதும். இரண்டு பிரதியின் எண்ணும் ஒத்துப்போன பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை ஏறும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

சாட்டிலைட் போன், டிரோன் இரண்டையும் கோடியக்கரையில் பழகிப் பார்த்துவிட்டுப் போகலாமா?
– வாசகர், வேதாரண்யம்

கூடாது. துராயா, இரிடியம் போன்கள் இந்தியாவில் தடை செய்யப்பட்டவை. கையில் வைத்திருந்தாலே வழக்கு வரும். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியோடு இன்மர்சாட் மட்டும் பயன்படுத்தலாம். வெளிநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பும்போது பையில் துராயாவோடு விமான நிலையத்தில் இறங்காதீர்கள். அங்கேயே வாடகைக்கு எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுங்கள். கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயம், டிரோனுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். மற்ற இடங்களில், எங்கே பறக்கவிடலாம் என்பதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகக் காட்டும் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். டிரோன் 250 கிராமுக்குக் குறைவாக இருந்தாலும் சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடாது. தஞ்சை விமானப்படைத் தளத்தின் பக்கமே போகவேண்டாம். பச்சை மண்டலத்தில் அறுவடை முடிந்த வயலாகப் பார்த்துப் பழகுங்கள். மின்கம்பி எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் நடந்து பார்த்துக்கொள்ளுங்கள்.