நத்தை வழக்கும் மூன்று மணி நேரப் பயணமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சட்டக் கல்லூரியில் சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. சிறிய ஊரிலிருந்து முதல்முறையாகப் பெருநகரத்துக்கு வந்திருக்கிறேன். வாடகை குறைவு என்று நகரத்தின் விளிம்பில் அறை எடுத்தேன். கல்லூரிக்குப் போக ஒன்றரை மணி நேரம், திரும்ப ஒன்றரை மணி நேரம். இரவு ஒன்பது மணிக்குப் புத்தகத்தைத் திறந்தால் இருபது பக்கத் தீர்ப்பு நள்ளிரவு வரை இழுக்கிறது. காலையில் எதுவும் நினைவில் இல்லை. சென்ற வாரம் வகுப்பில் நத்தை வழக்கைப் பற்றிக் கேட்டார்கள். மூன்று முறை படித்திருந்ததால் எழுந்து முழுவதும் சொன்னேன். “கதை சரி, நீதிமன்றம் என்ன தீர்மானித்தது?” என்றார் பேராசிரியர். எனக்குப் பதில் வரவில்லை. கூடப் படிப்பவர்கள் லத்தீன் சொற்களைச் சரளமாகப் பேசுகிறார்கள். இந்தப் படிப்புக்கான மூளை எனக்கு இல்லையோ என்று பயமாக இருக்கிறது. விட்டுவிடலாமா?

க.

*

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் இரண்டு சிக்கல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தீர்ப்பை எப்படிப் படிப்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை என்பது ஒன்று. நாளில் மூன்று மணி நேரம் சாலையில் போய்விடுகிறது என்பது மற்றொன்று. மூளைக்கு இரண்டிலும் வேலையில்லை. களைத்துப்போய் அறைக்குத் திரும்பும் எவரும், பழகாத ஒரு வாசிப்பை இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கினால் இப்படித்தான் ஆகும்.

நத்தை வழக்கிலிருந்தே தொடங்குவோம். டோனஹ்யூ எதிர் ஸ்டீவன்சன். 1928 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில், தோழி வாங்கித்தந்த இஞ்சி பீரை டோனஹ்யூ குடித்தார். குப்பிக்குள் அழுகிய நத்தை இருந்தது என்று, அந்தப் பீரைத் தயாரித்த ஸ்டீவன்சன் மீது வழக்குப் போட்டார். 1932-ல், அப்போது பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 3-க்கு 2 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நீங்கள் வகுப்பில் சொன்னது ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும்.

இப்போது ஒவ்வொரு தகவலையும் ‘இது ஏன் இங்கே இருக்கிறது?’ என்று கேளுங்கள். வாங்கியவர் தோழி என்பது ஏன் முக்கியம்? டோனஹ்யூவுக்குக் கடைக்காரருடன் ஒப்பந்தம் இல்லை, ஆகவே ஒப்பந்தச் சட்டத்தின் வழியாக அவரால் போக முடியாது. குப்பி ஒளிபுகாத கண்ணாடி என்பது ஏன் முக்கியம்? கடைக்காரரோ குடிப்பவரோ உள்ளே பார்த்துச் சோதிக்க வழியில்லை. பொருள் ஆலையிலிருந்து புறப்பட்ட அதே நிலையில் குடிப்பவர் கைக்கு வருகிறது. இந்த மூன்றையும் சேர்த்தால் தீர்மானம் தானாக மேலே வரும்: இடையில் யாரும் சோதிக்க நியாயமான வாய்ப்பில்லாமல், தான் அனுப்பிய வடிவிலேயே நுகர்வோரைச் சேரும்படி பொருள் தயாரிப்பவர், ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் அந்த நுகர்வோரிடம் கவனக் கடமை, அதாவது அவருக்குத் தீங்கு வராமல் கவனமாக நடக்கும் கடமை, உடையவர். நத்தை கதைக்கு வேண்டும். தீர்மானத்தில் அதற்கு இடமில்லை. அங்கே ஒரு கண்ணாடித் துண்டு கிடந்திருந்தாலும் விடை இதுதான்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. குப்பியில் நத்தை இருந்ததா என்பதை அந்த நீதிமன்றம் விசாரிக்கவே இல்லை. ‘அவர் சொல்வதெல்லாம் உண்மை என்று வைத்துக்கொண்டால், சட்டத்தில் பரிகாரம் உண்டா?’ என்ற கேள்வி மட்டுமே மேலே போனது. ‘உண்டு’ என்பதே விடை. எந்தக் கேள்விக்கு நீதிமன்றம் விடை சொன்னது என்பதைப் பிடிக்காமல் தீர்ப்பைப் படித்தால், மூன்று முறை படித்தாலும் கதைதான் மிஞ்சும்.

தீர்ப்பின் உயிர்நாடியான காரணத்தை ரேஷியோ என்கிறோம், போகிற போக்கில் நீதிபதி சொல்வதை ஓபிட்டர் என்கிறோம். இரண்டையும் பிரிக்க ஹார்வர்டின் யூஜின் வாம்பா 1890-களில் ஒரு சோதனை சொன்னார். ஒரு கூற்றை எடுத்து அப்படியே எதிர்மறையாக மாற்றிப் பாருங்கள். மாற்றிய பிறகும் அதே முடிவு வருமென்றால் அந்தக் கூற்று ரேஷியோ அல்ல. ஒரே முடிவுக்கு நீதிபதி இரண்டு தனித்தனிக் காரணங்கள் சொல்லும்போது இந்தச் சோதனை தடுமாறும். முதலாண்டுக்கு இது போதும்.

படிக்கும் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கத்துக்கு நடக்காதீர்கள். முதலில் எந்த நீதிமன்றம், எந்த ஆண்டு, எத்தனை நீதிபதிகள், யார் வழக்கை மேலே கொண்டுவந்தவர் என்று பாருங்கள். கீழ் நீதிமன்றத்தில் பிரதிவாதியாக இருந்தவர் தோற்று மேல்முறையீட்டாளராக வந்திருக்கலாம். இந்தப் பெயர் மாற்றம் புரியாததால் பலர் தீர்ப்பைத் தலைகீழாக எழுதுகிறார்கள். அடுத்து நேராகக் கடைசிக்குப் போய் மேல்முறையீடு ஏற்கப்பட்டதா, தள்ளப்பட்டதா என்று தெரிந்துகொள்ளுங்கள். முடிவு தெரிந்துவிட்டால் நடுவில் வரும் ஒவ்வொரு பத்தியும் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது புலப்படும். இதற்கெல்லாம் பத்து நிமிடம் போதும்.

பிறகு பென்சிலோடு நடுப்பகுதிக்கு வாருங்கள். இங்கேதான் பெரிய குழி இருக்கிறது. நீதிபதி தன் முடிவைச் சொல்வதற்கு முன், இரு தரப்பு வழக்கறிஞர்களின் வாதத்தையும் பல பக்கங்களுக்கு எடுத்தெழுதுவார். ‘லேர்ன்ட் கவுன்சல் சப்மிட்டட்’, ‘இட் வாஸ் கன்டென்டட்’ என்று தொடங்கும் பத்திகள் அவை. அவற்றை நீதிமன்றத்தின் கருத்தாக எடுத்துக்கொண்டு மாணவர்கள் விடை எழுதுகிறார்கள். அந்தப் பத்திகளின் ஓரத்தில் அலைக்கோடு போடுங்கள். பழைய தீர்ப்புகளிலிருந்து எடுத்த மேற்கோள்களின் ஓரத்தில் இரட்டைக்கோடு. கோடு விழாத இடங்களில்தான் இந்த நீதிமன்றம் பேசுகிறது. தீர்ப்பின் தொடக்கத்தில் அச்சிட்டிருக்கும் சுருக்கமான தலைக்குறிப்பை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை மேற்கோள் காட்டாதீர்கள். பெரும்பாலும் அது தொகுப்பாசிரியர் எழுதியது, தீர்ப்பின் பகுதி அல்ல.

எல்லாம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்: உண்மைகள் ஐந்து வரி, கீழ் நீதிமன்றம் என்ன சொன்னது ஒரு வரி, ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்று, விடை, காரணம், மாறுபட்ட தீர்ப்பு இருந்தால் அதன் சாரம். மூடிவிட்டு எழுத வேண்டும் என்பதை வற்புறுத்திச் சொல்கிறேன். திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் அது நகலெடுப்பதாகிவிடும், கைக்குத்தான் பயிற்சி. படித்தது எவ்வளவு விரைவில் மறக்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-லேயே அளந்து எழுதிவிட்டார். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்து எழுதுவதுதான் நீண்ட நாள் நிற்கிறது. அந்த ஒரு பக்கத்தை மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, மூன்று வாரம் கழித்து ஒருமுறை பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். தடுமாறிய இடத்தை மட்டும் திரும்பப் படித்தால் போதும்.

பெரிய தீர்ப்புகளை இப்போது தொடவேண்டாம். இந்திய உச்ச நீதிமன்றத்தின் கேசவானந்த பாரதி வழக்கில் (1973) 13 நீதிபதிகள், 11 தனித்தனித் தீர்ப்புகள், 7-க்கு 6 என்ற முடிவு. அதை முதல் பருவத்தில் முழுதாகப் படிக்க முயன்று நொந்துபோகிறவர்கள் உண்டு. நல்ல பாடநூலின் சுருக்கத்தை வரைபடமாக வைத்துக்கொண்டு, ஒரு நீதிபதியின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துப் படிப்பதே சரி.

லத்தீனைப் பற்றிய பயம் தேவையற்றது. ஒரு பருவத்துக்கு அதிகம் போனால் நாற்பது தொடர்கள், அகராதியைப் பார்த்தால் முடிந்தது. உண்மையில் வழுக்கிவிடுவது நமக்குத் தெரியும் என்று நினைக்கும் ஆங்கிலச் சொற்கள். கன்சிடரேஷன் என்றால் ஒப்பந்தத்தில் ஒருவர் தருவதற்கு ஈடாக மற்றவர் தருவது. இன்ஸ்ட்ருமென்ட் என்றால் ஆவணம். எக்ஸிக்யூட் என்றால் ஆவணத்தில் கையெழுத்திட்டு நிறைவேற்றுவது. பிரேயர் என்றால் நீதிமன்றத்திடம் கேட்கும் வேண்டுகோள். தெரிந்த சொல் என்பதால் யாரும் அகராதியைத் திறப்பதில்லை, வாக்கியம் பொருளில்லாமல் போகிறது. இப்படிப்பட்ட சொற்களுக்கென ஒரு சிறிய நோட்டு வைத்து, பொருளோடு அந்தச் சொல் வந்த வாக்கியத்தையும் எழுதுங்கள். தமிழில் எழுதிக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

சட்டப் பிரிவுகளைப் படிக்கும்போது சிறு சொற்களில் நில்லுங்கள். ‘மீன்ஸ்’ என்று ஒரு வரையறை சொன்னால் அது மூடிய வட்டம், சொன்னது மட்டுமே; ‘இன்க்லூட்ஸ்’ என்று சொன்னால் திறந்த வட்டம், சொல்லாததும் சேரலாம். இரண்டு நிபந்தனைகளுக்கு நடுவே ‘ஆண்ட்’ இருந்தால் இரண்டும் வேண்டும், ‘ஆர்’ இருந்தால் ஒன்று போதும். பிரிவின் இறுதியில் ‘புரொவைடட் தட்’ என்று தொடங்கி வரும் வரம்புரை மேலே சொன்னதிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுக்கும். ஒவ்வொரு பிரிவையும் துண்டு துண்டாக எண் போட்டு எழுதினால் அதுவே தேர்வு விடையின் எலும்புக்கூடு. பேர் ஆக்ட் (விளக்கவுரை இல்லாத சட்டத்தின் மூலப் பாடம்) மட்டும் புதிய பதிப்பாக வாங்குங்கள், மற்றதை நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம். மூத்த மாணவர்கள் தரும் பழைய நூல்கள் கோட்பாடுகளுக்கு உதவும், எண்களுக்கு நம்பக்கூடாது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டமே மாறிவிட்டது. கொலைக்கான தண்டனை பழைய சட்டத்தின் 302-ஆம் பிரிவு என்று மனப்பாடம் செய்தவர் இன்று புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ஐத் தேட வேண்டும்.

இனி அறை. நாளுக்கு மூன்று மணி, வாரத்துக்கு ஐந்து நாள், பதினாறு வாரப் பருவம்: 240 மணி நேரம். ஒரு தீர்ப்புக்கு இரண்டு மணி என்று வைத்தால் 120 தீர்ப்புகள். வாடகையில் மிச்சம் பிடித்ததாக நினைப்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். கல்லூரிக்கு அரை மணிக்குள் இருக்கும் அறையைப் பகிர்ந்துகொள்வது, தூரத்தில் தனியறையைவிட நல்லது என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் நாளைக்கே காலி செய்துவிடாதீர்கள். உங்கள் வாடகை ஒப்பந்தத்தை எடுத்து, சட்ட மாணவராக முதல்முறை படியுங்கள். எத்தனை நாள் முன்னறிவிப்பு, குறைந்தபட்சத் தங்கும் காலம் உண்டா, முன்பணத்தில் எதற்கெல்லாம் பிடித்தம் செய்யலாம், பழுது யார் பொறுப்பு? எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் கொடுத்த பணத்துக்கான ரசீதுகளையும் செய்திகளையும் திரட்டி வையுங்கள். முன்னறிவிப்பை வாயால் சொன்னாலும் எழுத்திலும் கொடுங்கள். புதிய அறையைப் பகலில் ஒருமுறை, இரவு ஒன்பதுக்குமேல் ஒருமுறை பாருங்கள். பகலில் அமைதியாக இருக்கும் தெரு இரவில் வேறாக இருக்கும். குழாயைத் திறந்து பாருங்கள், கதவின் தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள், அறைக்குள் கைப்பேசி சிக்னல் வருகிறதா என்று பாருங்கள், நிறுத்தத்திலிருந்து அறை வரை இருட்டில் நடந்து பாருங்கள். சாவி வாங்கும் நாளில் சுவர், தரை, மின் மீட்டர் எல்லாவற்றையும் படம் எடுத்து உரிமையாளருக்கே அனுப்பிவிடுங்கள். முன்பணத் தகராறுகள் பலவும் இந்தப் படங்கள் இல்லாததால் வருகின்றன.

மாறும் வரை, பயணத்தில் புதிய தீர்ப்பு எதையும் படிக்காதீர்கள். நின்றபடி, தள்ளுமுள்ளில் படிக்கும் புதிய விஷயம் தங்காது, கண்தான் வலிக்கும். பழைய ஒருபக்கக் குறிப்பை நினைவிலிருந்து சொல்லிப் பார்க்கப் பயணம் நல்ல நேரம். புதிய வாசிப்பை வகுப்பு முடிந்ததும் நூலகத்திலேயே முடித்துவிட்டு, கூட்டம் தணிந்தபின் கிளம்புங்கள். அறைக்குப் போனால் சாப்பாடு, தூக்கம் மட்டும்.

நூலகத்தில் தினமும் ஒரே நேரத்தில் ஒரே மேசையில் உட்காருவதில் இன்னொரு பயனும் இருக்கிறது. இரண்டு வாரத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் தலையசைக்கத் தொடங்குவார்கள். பெருநகரத்தில் நட்பு பெரும்பாலும் அப்படித்தான் கிடைக்கிறது. அவர்களில் இரண்டு மூன்று பேரோடு வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் உட்காருங்கள். நான்கு பேருக்குமேல் வேண்டாம், அரட்டையாகிவிடும். குறிப்புகளைப் பங்குபோட்டுக்கொள்ளாதீர்கள், அவரவர் குறிப்பை அவரவர் எழுத வேண்டும். பழைய வினாத்தாளிலிருந்து ஒரு சிக்கல் கேள்வியை (ஒரு சம்பவத்தைத் தந்து சட்டப்படி தீர்வு கேட்பது) எடுத்து, நாற்பது நிமிடம் தனித்தனியே எழுதி, பிறகு ஒருவர் தாளை இன்னொருவர் திருத்துங்கள். திருத்தும்போது ஒன்றை மட்டும் தேடுங்கள்: சட்டத்தைச் சொன்ன பிறகு, கேள்வியில் உள்ள உண்மையோடு அதை ‘ஏனெனில்’ போட்டு இணைத்திருக்கிறாரா? பெரும்பாலோர் விதியை அழகாக எழுதிவிட்டு நேரே முடிவுக்குத் தாவுகிறார்கள். மதிப்பெண் போவது அந்தத் தாவலில்தான்.

விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். அறை மாறி, திருத்திய முதல் விடைத்தாள் கைக்கு வரும்வரை அந்தக் கேள்வியைத் தள்ளிவையுங்கள். அப்போதும் சட்டத்தையே வாசிக்கப் பிடிக்கவில்லை என்றால் நாம் பேசலாம். இப்போது உங்களுக்குப் பிடிக்காதது சட்டமா, தூக்கமில்லாத இரவா என்று உங்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை நத்தை வழக்கில் அட்கின், பக்மாஸ்டர் இருவரின் தீர்ப்புகளை மட்டும் எடுங்கள். அட்கின் பெரும்பான்மை, பக்மாஸ்டர் மறுத்தவர். இருவரும் அதே உண்மைகளை வைத்துக்கொண்டு எந்த இடத்தில் பிரிகிறார்கள் என்று தேடுங்கள். பிறகு மூடிவிட்டு ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்புங்கள். திருத்தி அனுப்புகிறேன்.