எட்மண்டன் படிவத்தில் நோவு 2, சுகநிலை 9: எப்படிப் பதியிறது?

எட்மண்டன் எண்டது, நோயாளி தன்ரை நோவு, சுகநிலை மாதிரி ஒவ்வொரு வரிக்கும் 0 முதல் 10 வரை எண் சொல்லுற படிவம். உங்கடை நோயாளி ஐயா சுகநிலைக்குச் சொன்ன அந்த 9ஐ நீங்களாக 1 ஆக்க வேண்டாம். அந்த வரியை மட்டும் திரும்பக் கேளுங்கோ.

ஐயா சிரிச்சுக் கதைக்கிறார் எண்டு எழுதியிருக்கிறியள். அப்ப, சோதனைப் புள்ளி மாதிரி 10தான் நல்லதெண்டு நினைச்சிருக்கலாம். எங்கடை யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு எண் எண்டால் முதல் ஞாபகம் அதுதானே. இந்தப் படிவத்தில் எல்லா வரிக்கும் 0 நல்லது, 10 படுமோசம். சுகநிலை வரியை ஆக்கள் தலைகீழா விளங்கிறது நடக்கிறதுதான்.

"கடைசியாப் படுமோசமா இருந்த நாளுக்கு எத்தினை போடுவியள்?" எண்டு கேட்டுப் பாருங்கோ. 9ஐ விடக் குறைச்சுச் சொன்னால் தலைகீழாத்தான் விளங்கியிருக்கிறார். 0 பக்கம் "நல்லாயிருக்கிறன்", 10 பக்கம் "ஒண்டுக்கும் ஏலாது" எண்டு விரலால் தொட்டுக் காட்டி, "இப்ப எப்படி?" எண்டு கேளுங்கோ. ஐயாவுக்குப் பதிலா அவற்றை மகள் சொன்னால் அதையும் படிவத்தில் குறியுங்கோ.

ஆனால் 9 உண்மையாவும் இருக்கலாம். நோவு அடங்கினாலும் பயமும் வீட்டு யோசினையும் ஆளைத் தின்னும். சிரிப்பை நம்பி விட்டிடாதேங்கோ.